கிளவுட் தொலைபேசிச் சேவை வாங்கும் முன்: எதை, எந்த வரிசையில் ஒப்பிடுவது?

எங்கள் அலுவலகத்தில் 23 பேர் வேலை செய்கிறோம். அலுவலகத் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி இணைப்புகளோடும் இணைக்க, சுவரில் மாட்டியிருந்த பழைய பி.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்றிவிட்டு இணையம் வழியாக இயங்கும் தொலைபேசிச் சேவைக்கு மாறும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதங்கள் ஆயின. அதில் பாதித் தாமதத்துக்கு நானே காரணம். ஐந்து நிறுவனங்களின் விலைப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரிடம் எந்தெந்த வசதி இருக்கிறது என்று கட்டம் போட்டு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேருக்கும் ஏறக்குறைய ஒரே டிக்குகள்தான் விழுந்தன. பின்னால் எங்களைப் படுத்தியெடுத்த எண் மாற்றம் (பழைய எண்களையே புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோவது), நிமிடக் கணக்கு, ரவுட்டர் அமைப்பு, ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆகியவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஐந்து பேர் முதல் நூறு பேர் வரை உள்ள அலுவலகம் ஒன்றுக்காக முதன்முறையாக இப்படிப்பட்ட சேவையை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசை முக்கியமானது. நான் ஏழாவது படியில் தொடங்கி முதல் படிக்குத் திரும்பி வந்தவன்.

1. விலைப் பக்கங்களைத் திறக்கும் முன் உங்கள் பில்லை எடுங்கள்

கடைசி மூன்று மாதத் தொலைபேசி பில்களையும், அழைப்பு விவரப் பட்டியலையும் பழைய சேவை நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் மொத்தத் தொகை மட்டுமே அச்சிடப்பட்டிருந்தால் விவரப் பட்டியலைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் தருவார்கள், ஆனால் சில நாட்கள் ஆகும். அந்தப் பட்டியலிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியவை இவை: மாதத்துக்கு எத்தனை வெளி அழைப்புகள், எத்தனை உள்வரும் அழைப்புகள், சராசரியாக ஓர் அழைப்பு எத்தனை நொடிகள், எந்த நாடுகளுக்குப் பேசுகிறீர்கள், மிகவும் நெருக்கடியான மணி நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள். கடைசிக் கணக்கை எடுக்க நான் அரை நாள் செலவிட்டேன். எங்கள் 23 பேரில் ஒரே நேரத்தில் பேசியவர்கள் அதிகபட்சம் எட்டுப் பேர்தான் என்று தெரிந்ததும், அதுவரை விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லிக்கொண்டிருந்த பாதி விஷயங்கள் எங்களுக்குத் தேவையற்றவை என்பதும் தெரிந்துவிட்டது.

அடுத்து, பில்லில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக அது எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். இதை மேசையில் உட்கார்ந்தபடி செய்ய முடியாது. எங்கள் பில்லில் 11 எண்கள் இருந்தன. அவற்றில் ஒன்பதுக்குத்தான் ஆள் இருந்தார்கள். பத்தாவது எண்ணை அழைத்துக்கொண்டே கட்டடம் முழுக்க நடந்ததில், அது பொருட்கள் வைக்கும் அறையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஃபேக்ஸ் இயந்திரம் என்று கண்டோம். பதினொன்றாவது எங்குமே ஒலிக்கவில்லை. பழைய ஊழியர் ஒருவர்தான், அது லிஃப்டுக்குள் இருக்கும் அவசர அழைப்புப் பொத்தானுக்கான இணைப்பு என்று சொன்னார். அதைத் துண்டித்திருந்தால் யாராவது உள்ளே மாட்டிக்கொள்ளும் நாளில்தான் எங்களுக்குத் தெரிய வந்திருக்கும். திருட்டு எச்சரிக்கைக் கருவி, தீ எச்சரிக்கைப் பலகை, பழைய கார்டு இயந்திரம், வாசல் தொலைபேசி ஆகியவையும் இப்படி ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள். இவற்றை இணைய வழிக்கு மாற்றுவதற்கு முன் அந்தக் கருவியைப் பராமரிப்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஐயம் இருந்தால் அந்த ஓர் இணைப்பை மட்டும் பழைய கம்பியிலேயே விட்டுவிடுங்கள். ஃபேக்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால், டி.38 என்ற நெறிமுறையைப் புதிய சேவை ஆதரிக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணக் குரல் அழைப்பாக அனுப்பும் ஃபேக்ஸ் இணையத்தில் பாதிப் பக்கத்தில் நின்றுபோவது வழக்கம்.

2. உங்களுக்குத் தேவை எந்த வகைச் சேவை?

எல்லோரும் தங்களை ஒரே பெயரில் விளம்பரப்படுத்திக்கொள்வதால் இந்தக் குழப்பம் வருகிறது. முதல் வகையில் தொலைபேசி, வீடியோக் கூட்டம், குறுஞ்செய்தி எல்லாம் ஒரே செயலியில் கிடைக்கும். ரிங்சென்ட்ரல், ஜூம் ஃபோன், 8x8, டயல்பேட், வெபெக்ஸ் காலிங் போன்றவை இந்த வகை. இரண்டாவது, உங்களிடம் நல்ல நிலையில் ஒரு பி.பி.எக்ஸ். இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு வெளி இணைப்பை மட்டும் இணையத்துக்கு மாற்றும் எஸ்.ஐ.பி. டிரங்க் (எஸ்.ஐ.பி. என்பது இணைய அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை). மூன்றாவது, ட்விலியோ போன்றவர்கள் தரும், நிரலாளர்கள் தங்கள் மென்பொருளுக்குள் அழைப்புகளைச் சேர்ப்பதற்கான கருவித் தொகுதி. நிரலாளர் இல்லாத அலுவலகம் மூன்றாவது பக்கம் போக வேண்டியதே இல்லை. வரிசையில் காத்திருக்கும் அழைப்புகளை ஊழியர்களுக்குப் பகிர்ந்து, ஒவ்வொருவரின் நேரத்தையும் அளக்கும் கால் சென்டர் சேவை இவற்றிலிருந்து வேறானது, விலையும் கூடுதல். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று சொல்லும் ஐ.வி.ஆர். மட்டும் போதுமென்றால், அது முதல் வகையிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டீம்ஸ் வைத்திருப்பதாலேயே வெளி எண்களுக்குப் பேசிவிட முடியாது. அதற்குத் தொலைபேசி உரிமம் தனியாக வேண்டும், அந்த உரிமத்துக்கு மேல் பொதுத் தொலைபேசி வலையமைப்புடன் இணைக்கும் வழி ஒன்றும் வேண்டும். மைக்ரோசாஃப்டிடமே காலிங் பிளான் வாங்கலாம், ஆபரேட்டர் கனெக்ட் முறையில் உள்ள ஒரு தொலைபேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது டைரக்ட் ரூட்டிங் வழியாக உங்கள் விருப்பப்படி ஒருவரை இணைக்கலாம். மூன்றுக்கும் விலையும் பொறுப்பும் வேறு வேறு. ‘டீம்ஸில் எல்லாம் வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் எந்த வழியில் என்று கேளுங்கள்.

இணைய அழைப்பைப் பொதுத் தொலைபேசியுடன் இணைப்பதற்கான சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ‘எங்கள் நாட்டில் எந்த உரிமத்தின்கீழ் எண்ணைத் தருகிறீர்கள், எண் யார் பெயரில் பதிவாகும்’ என்ற இரண்டு கேள்விகளையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். நான் இவற்றை அனுப்பிய ஐந்து பேரில் ஒருவர் பதிலே தரவில்லை. பட்டியல் நான்காகச் சுருங்கியது.

3. இணைய இணைப்பை அளந்து பாருங்கள்

புதிதாக மாறுகிறவர்கள் பயப்படுவது வேகத்தைப் பற்றி. குரல் அழைப்புக்கு வேகம் அதிகம் தேவையில்லை. குரலைத் தரவாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் குரலுக்கு 64 கிலோபிட், அதைச் சுமக்கும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளின் தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் செலவாகும். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு திசைக்கு 0.7 மெகாபிட்தான். குரலைக் கெடுப்பது இணைப்பின் தடுமாற்றம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அத்துடன், பாக்கெட்டுகள் வந்து சேரும் இடைவெளியின் ஏற்ற இறக்கமான ஜிட்டர் 30 மில்லிநொடிக்குள்ளும், வழியில் தொலைந்துபோகும் பாக்கெட்டுகள் ஒரு சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் நடைமுறை அளவு.

இவற்றை இரவில் அளக்காதீர்கள். அலுவலகம் நிரம்பி வழியும் நேரத்தில், ஒரு முழு வேலை நாள், சேவை நிறுவனம் தரும் சோதனைக் கருவியைக் கொண்டு அளங்கள். எங்களுக்குத் தினமும் பிற்பகல் நான்கு மணிக்குக் குரல் துண்டு துண்டாக உடைந்தது. புதிய நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியாளருடன் இரண்டு வாரங்கள் மல்லுக்கு நின்ற பிறகுதான், கணக்குப் பிரிவின் கணினி ஒன்று சரியாக அந்த நேரத்தில் தன் கோப்புகளையெல்லாம் இணையக் காப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏற்று வேகம் முழுவதையும் அது விழுங்கிக்கொண்டது. காப்பு நேரத்தை இரவு 11 மணிக்கு மாற்றியதோடு பிரச்சினை முடிந்தது. ரவுட்டரில் குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.

ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஓர் அமைப்பு இருக்கும். உதவி செய்வதற்காக வைக்கப்பட்ட இது, பெரும்பாலான ரவுட்டர்களில் அழைப்புச் செய்திகளைத் திருத்துகிறேன் என்று கெடுத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காதது, உள்வரும் அழைப்பு சில நேரம் மட்டும் ஒலிக்காமல் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். இன்னொரு அறிகுறி வேடிக்கையானது: அழைப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்து, ஒவ்வொரு முறையும் சுமார் 32 நொடியில் அறுந்துவிடும். அழைப்பு எடுக்கப்பட்டதற்கான ஒப்புகைச் செய்தி மறுபக்கம் போய்ச் சேராவிட்டால், எஸ்.ஐ.பி. விதிப்படி மறுபக்கம் 32 நொடி காத்திருந்துவிட்டு இணைப்பைக் கைவிடும். கடிகாரம் வைத்ததுபோல் அறுகிறது என்றால் உங்கள் ரவுட்டரையோ ஃபயர்வாலையோ பாருங்கள். ஹெட்செட்டை மாற்றிப் பயனில்லை.

மின்சாரம் போனால் ரவுட்டரும் மேசைத் தொலைபேசிகளும் சேர்ந்து போய்விடும் என்பதால், ரவுட்டர், கருவிகளை அதனுடன் இணைக்கும் வலையமைப்பு சுவிட்ச் இரண்டுக்கும் யு.பி.எஸ். தேவை. அதன் விலையையும் இந்த மாற்றத்தின் செலவாகவே எழுதுங்கள்.

4. விலைப்புள்ளிகளை ஒரே தாளில் கொண்டு வாருங்கள்

‘ஒரு பயனருக்கு ஒரு மாதத்துக்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையைக் கொண்டு யாரையும் ஒப்பிட முடியாது. பெரும்பாலும் அது ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் வரும் விலை. மாதாமாதம் கட்டினால் கூடும். சில விலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பயனர்களுக்கு மேல் இருந்தால் மட்டுமே பொருந்தும். வரியும் ஒழுங்குமுறைக் கட்டணங்களும் பெரும்பாலும் அதில் சேராது.

நான் கடைசியில் செய்தது இதுதான். முதல் படியில் எடுத்த எங்கள் சொந்தக் கணக்கை ஒரு பக்கமாக எழுதி, ‘இந்த மாதம் முழுவதும் உங்கள் சேவையில் நடந்திருந்தால் எங்கள் பில் எவ்வளவு வந்திருக்கும், வரிகள் உட்பட ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எழுதித் தாருங்கள்’ என்று நால்வருக்கும் அனுப்பினேன். பயனர் கட்டணத்தில் மிகவும் மலிவாக இருந்தவர், மொத்தக் கணக்கில் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார்.

அவரைப் பின்னுக்குத் தள்ளியது நிமிடக் கணக்கிடும் முறை. சிலர் நொடிக் கணக்கில் வசூலிக்கிறார்கள், சிலர் 60 நொடிக்கு ஒரு முறை முழு நிமிடமாக மேல்நோக்கிக் கணக்கிடுகிறார்கள். உங்கள் அழைப்புகள் ஒவ்வொன்றும் 70 நொடி என்றும், மாதத்துக்கு 1,000 அழைப்புகள் என்றும் வைத்துக்கொள்வோம். நொடிக் கணக்கில் அது 1,167 நிமிடங்கள். நிமிடக் கணக்கில் 2,000 நிமிடங்கள். ஒரு நிமிடத்தின் விலையில் மலிவாகத் தெரிகிறவர் இங்கே சத்தமில்லாமல் விலை கூடிவிடுகிறார். குறுகிய அழைப்புகள் அதிகம் உள்ள தொழிலானால் இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானிக்கக்கூடும்.

அந்தத் தாளில் தனித்தனியாக வர வேண்டிய இன்னும் சில செலவுகள் உண்டு. கட்டணமில்லா எண் வைத்திருந்தால், வரும் அழைப்புக்கான நிமிடக் கட்டணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ‘வரம்பற்ற அழைப்பு’ என்பதற்குக் கீழே நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணம் இருக்கும். அதில் உள்ள நிமிட எண்ணிக்கையைத் தேடி எடுங்கள். வெளிநாட்டு அழைப்பில், ஒரே நாட்டில்கூடக் கைப்பேசிக்கு ஒரு விலை, நிலைவழித் தொலைபேசிக்கு வேறு விலை என்று இருக்கும். அழைப்புப் பதிவு, கூடுதல் எண்கள், உரையாடலை எழுத்தாக்கும் வசதி, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளுடன் இணைப்பு ஆகியவை பெரும்பாலும் அடுத்த உயர்ந்த திட்டத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு அவற்றில் ஒன்றுதான் தேவையென்றாலும் எல்லோருக்கும் உயர்ந்த திட்டம் வாங்கச் சொல்வார்கள். ஒரே கணக்கில் சிலருக்குக் குறைந்த திட்டம், சிலருக்கு உயர்ந்த திட்டம் என்று கலந்து வாங்க முடியுமா என்று கேளுங்கள். வரவேற்பறை, கூட்ட அறை போன்ற ஆளில்லாத இடங்களில் வைக்கும் பொதுத் தொலைபேசிக்குச் சில நிறுவனங்களிடம் குறைந்த கட்டணத்தில் தனி உரிமம் இருக்கிறது. எங்களுக்கு அது இரண்டு முழு உரிமங்களை மிச்சப்படுத்தியது.

மேசைத் தொலைபேசிகளைத் தவணையில் தருகிறோம் என்று சொன்னால், அந்தக் கருவி வேறு நிறுவனத்தின் சேவையில் இயங்குமா, பூட்டப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு மேசைத் தொலைபேசியே தேவையில்லை. நல்ல கம்பியுள்ள ஹெட்செட்டும் கணினிச் செயலியும் போதும். 12 பேருக்கு அப்படித்தான் கொடுத்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

5. உறுதிமொழிகளைக் கணக்காக்கிப் படியுங்கள்

சேவை இயங்கும் நேரத்துக்கான உறுதியைச் சதவீதத்தில் சொல்வார்கள். அதை நிமிடமாக மாற்றினால்தான் பொருள் விளங்கும். 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடங்கள் வரை நின்றுபோகலாம், 99.99 என்றால் சுமார் 4 நிமிடங்கள், 99.999 என்றால் 26 நொடிகள். இதைத் தாண்டினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு சிறு கழிவுதான், அதையும் குறிப்பிட்ட நாட்களுக்குள் நீங்களே கேட்க வேண்டும். முன்னறிவித்த பராமரிப்பு நேரமும் உங்கள் இணையக் கோளாறும் இந்தக் கணக்கில் வராது. ஆகவே சதவீதத்தை விட, அலுவலக இணையம் நின்றால் அழைப்புகளைத் தானாகவே ஊழியர்களின் கைப்பேசிக்குத் திருப்பிவிட முடியுமா என்பதற்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். இந்தத் திருப்பம் நிறுவனத்தின் பக்கத்தில் நடப்பதால், உங்கள் கட்டடமே இருளில் மூழ்கினாலும் வேலை செய்யும்.

பாதுகாப்பில் முதலில் கேட்க வேண்டியது கட்டணத் திருட்டைப் பற்றி. பலவீனமான கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து, ஆளில்லாத வார இறுதியில் விலையுயர்ந்த வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் கணக்கிலிருந்து அழைப்புகளைக் கொட்டுவார்கள். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது பில் ஏறியிருக்கும். தினசரிச் செலவுக்கு வரம்பு வைக்க முடியுமா, தேவையில்லாத நாடுகளுக்கான அழைப்பை மூட முடியுமா, அந்த இழப்பை யார் ஏற்பார்கள் என்று கேளுங்கள். கணக்கு நிர்வாகிகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். தகவல் பாதுகாப்பைப் பற்றிய ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ், எஸ்.ஓ.சி. 2 தணிக்கை அறிக்கை ஆகியவற்றைக் கேட்டால் தருவார்கள், தேதியைப் பாருங்கள்.

அழைப்புகளைப் பதிவு செய்வதாக இருந்தால், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்த நாட்டில் வைத்திருப்பார்கள், வெளியேறும்போது எல்லாவற்றையும் மொத்தமாகத் தரவிறக்க முடியுமா என்பவை முக்கியம். சுருக்கப்படாத ஜி.711 பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 மெகாபைட். ஆயிரம் மணி நேரம் 29 ஜிகாபைட். ஒவ்வொன்றாகச் சொடுக்கித்தான் இறக்க முடியும் என்றால் அது நடக்காத காரியம். மறுமுனையில் இருப்பவருக்குப் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று பல நாடுகளில் சட்டம் இருப்பதால், அந்த அறிவிப்பை ஐ.வி.ஆரிலேயே சேர்த்துவிடுங்கள்.

6. சோதனைக் காலத்தை வீணாக்காதீர்கள்

இரண்டு வாரச் சோதனை பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். நான் முதல் சோதனையை என் மேசையிலிருந்து நானே சக ஊழியருக்கு அழைத்துப் பார்த்துக் கழித்தேன். அதனால் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் முறை, அதிகம் பேசும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் உண்மையான வாடிக்கையாளர் அழைப்புகளை ஒரு வாரத்துக்குத் தற்காலிக எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். இரண்டாம் நாளே, அழைப்பை மற்றொருவருக்கு மாற்ற ஒரு செயலியில் ஐந்து சொடுக்குகள் தேவைப்படுகின்றன என்று வரவேற்பறையில் இருப்பவர் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு 80 அழைப்புகளை மாற்றுகிறவருக்கு அது தாங்க முடியாத விஷயம். எந்த விலைப் பக்கத்திலும் அது எழுதப்பட்டிருக்காது.

உரையாடலை எழுத்தாக்கும் வசதியை உங்கள் வாடிக்கையாளர்கள் பேசும் மொழியில், அவர்கள் பேசும் வேகத்தில் சோதியுங்கள். விளக்கப் படத்தில் பேசுகிறவரைப் போல உங்கள் வாடிக்கையாளர் பேச மாட்டார். சோதனைக் காலத்திலேயே உதவி மையத்துக்கு ஒரு கேள்வி அனுப்பி, எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரதிநிதிக்குப் போன் செய்து சரிசெய்துகொண்டால் அது சோதனையாகாது, ஏனென்றால் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் கிடைக்க மாட்டார்.

7. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

முதலில் புதுப்பிப்பு விதி. பல ஒப்பந்தங்கள் காலம் முடிந்ததும் தாமாகவே அதே கால அளவுக்கு நீண்டுவிடும். வேண்டாமென்றால் 30, 60 அல்லது 90 நாட்களுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த நீட்சியை மாத அடிப்படைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது, ஆட்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பது. நடுவில் பயனரைச் சேர்க்க எல்லோரும் விடுவார்கள். குறைக்க, ஆண்டு முடியும் வரை விடமாட்டார்கள். ஆண்டில் 10 சதவீதம் வரை குறைக்க அனுமதி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

புதுப்பிக்கும்போது விலை எத்தனை சதவீதம்வரை உயரலாம் என்பதற்கு மேல்வரம்பு, சேவையை விட்டு வெளியேறும்போது எண்களைத் தடையின்றி மாற்றித் தருவோம் என்ற உறுதி, அதற்கான கட்டணம் ஆகியவையும் எழுத்தில் இருக்கட்டும். ‘அதெல்லாம் வழக்கமாகச் செய்துவிடுவோம்’ என்பது எழுத்து ஆகாது. எங்கள் முதல் தேர்வாக இருந்த நிறுவனம், சோதனையின்போது தந்த புதிய எண்கள் தங்களுக்கே சொந்தம், வெளியேறினால் கொண்டுபோக முடியாது என்று 14 பக்க நிபந்தனையின் 11ஆம் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த எண்ணை விளம்பரப் பலகையில் அச்சிடப் போகும் கட்டத்தில்தான் அதைப் படித்தேன்.

8. எண்களை மாற்றுவதற்கான ஆவணங்கள்

மொத்த வேலையில் அதிக நாட்களைத் தின்றது இதுதான். பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள்: எண்களை மாற்ற ஒப்புதல் தரும் அதிகாரக் கடிதம், பழைய நிறுவனத்தின் சமீபத்திய பில், பெரும்பாலும் 30 நாட்களுக்குள் வந்தது, நிறுவனப் பதிவுச் சான்று, கையெழுத்திடுபவரின் அடையாளச் சான்று, பழைய கணக்கு எண், சில இடங்களில் கணக்குக்கான பின் எண். கையெழுத்திடுபவர் பழைய நிறுவனத்தின் பதிவில் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். எங்கள் பதிவில் இருந்தவர் ஓய்வுபெற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அதைத் திருத்த மட்டும் எட்டு வேலை நாட்கள்.

விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. முதல் முறை நிறுவனத்தின் பெயர். எங்கள் பதிவுச் சான்றில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முழுதாகவும் பழைய பில்லில் சுருக்கமாகவும் இருந்தது. இரண்டாம் முறை முகவரி. பில் அனுப்பும் முகவரியை எழுதியிருந்தோம், அவர்கள் எதிர்பார்த்தது கம்பி இணைப்பு உள்ள முகவரி. ஒவ்வொரு நிராகரிப்புக்கும் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே, விண்ணப்பிக்கும் முன் பழைய நிறுவனத்திடம், உங்கள் கணக்கு அவர்கள் கணினியில் எந்தப் பெயரில், எந்த முகவரியில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி, அதை எழுத்து மாறாமல் படியெடுங்கள். உங்களுக்குத் தவறாகத் தெரிந்தாலும் அங்கே இருப்பதையே எழுதுங்கள்.

நிலுவைத் தொகை இருந்தால் கட்டிவிடுங்கள். 11 எண்களில் ஒன்பதை மட்டும் மாற்றுவது போன்ற பகுதி மாற்றமானால், மீதமுள்ளவற்றில் எது முதன்மை எண் என்று பழைய நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பிவிடும். தொலைபேசிக் கம்பியிலேயே இணையமும் வருகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த எண்ணை மாற்றும் நாளில் இணையமும் சேர்ந்து துண்டிக்கப்படலாம், அப்போது புதிய தொலைபேசியும் இயங்காது. எந்தச் சூழ்நிலையிலும் மாற்றம் முடியும் முன் பழைய சேவையை ரத்து செய்யாதீர்கள். செயலில் இல்லாத எண்ணை மாற்ற முடியாது, சில நாட்களில் அது வேறொருவருக்குப் போய்விடவும் கூடும்.

கால அளவு நாட்டையும் எண்ணின் வகையையும் பொறுத்துச் சில நாட்கள் முதல் பல வாரங்கள் வரை போகும். இரண்டு சேவைகளுக்கும் சேர்த்து இரண்டு மாதக் கட்டணம் கட்ட வேண்டிவரும் என்று தொடக்கத்திலேயே நிதிப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை; அந்த உரையாடல் இனிமையாக இல்லை.

9. மாறும் நாள்

மாதக் கடைசி, வார இறுதிக்கு முந்தைய நாள், விற்பனை உச்சத்தில் இருக்கும் வாரம் ஆகியவற்றைத் தவிர்த்து, வாரத் தொடக்கத்தில் ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். ஐ.வி.ஆர். குரல், வேலை நேரம், விடுமுறைப் பட்டியல், யார் எடுக்காவிட்டால் யாருக்குப் போக வேண்டும் என்ற வரிசை எல்லாம் முந்தைய நாளே தற்காலிக எண்ணில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். எண் மாறிய முதல் சில மணி நேரம் சில வலையமைப்புகளிலிருந்து வரும் அழைப்புகள் பழைய இணைப்பிலேயே ஒலிக்கக்கூடும் என்பதால், பழைய தொலைபேசிகள் இரண்டையாவது மேசையிலேயே வைத்திருங்கள்.

அன்றே சோதிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடியுங்கள். வெவ்வேறு கைப்பேசி நிறுவனங்களின் எண்களிலிருந்து உள்ளே அழைத்துப் பாருங்கள். வெளியே அழைத்தால் மறுமுனையில் உங்கள் எண் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசிப் பாருங்கள், அந்த 32 நொடிக்காக. ஒவ்வொரு பயனருக்கும் அவசர உதவி எண்ணுக்கான முகவரி பதிவாகியிருக்கிறதா என்பதை நிர்வாகப் பக்கத்தில் சரிபாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் அவசர உதவியை அழைத்தால் அலுவலக முகவரிக்கு வண்டி போய்விடக்கூடாது.

முதல் முழு பில் வந்ததும் அதை நான்காம் படியில் செலவு வாரியாக எழுதி வாங்கிய கணக்குடன் ஒப்பிடுங்கள். எங்கள் முதல் பில்லில், நாங்கள் கேட்காத எழுத்தாக்க வசதி 23 பேருக்கும் சேர்க்கப்பட்டிருந்தது. விலைப்புள்ளியை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பியதும் அடுத்த மாதம் கழித்துக்கொண்டார்கள். அது சரியான பிறகு, பழைய நிறுவனத்துக்கு ரத்துக் கடிதம் கொடுத்து, அதற்கான ஒப்புகை எண்ணையும் வைப்புத் தொகை திரும்பி வரும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். லிஃப்ட் இணைப்பை அந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். புதிய ஒப்பந்தத்தின் கடைசி நாளிலிருந்து 100 நாட்களைப் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியை இரண்டு பேரின் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எங்கள் பதிவில் இருந்தவரைப் போல ஒருவர் ஓய்வுபெற்றுப் போனாலும் மற்றொருவருக்கு நினைவூட்டல் வரும்.